பட்டினி கிடந்த உடம்பும் பத்தியமும்

(மாணவர் – இளைஞர் பயிலரங்கின் இரண்டாம் நாள் காலை அமர்வில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுமொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நேற்று முழுக்க நிலம் பற்றியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் பேசியிருக்கிறீர்கள். இன்று காலை என்னை உடல் பருமன், உணவு, இதயம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பை அறிவிச்சப்போ பின்வரிசையில ஒரு சிரிப்பு கேட்டுச்சு. எனக்குக் கோபமில்லை. தொந்தி என்பது பண்ணையாருக்கு உரியது என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். நம்ம பத்திரிகைகளிலேயே சுரண்டுறவன்னா ஒரு தொந்தி, நாலு மோதிரம் போட்டுத்தான் படம் வரையுறோம். சேரிக்காரன்னா விலா எலும்பு தெரியணும். இப்ப நீங்களே ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாருங்க. அந்தப் படம் பழசாயிடுச்சு.

நான் 1982ல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது நம் ஆட்கள் காசநோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் பிரசவத்துக்கும்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். 2016ல் ஓய்வு பெறும்போது, அதே தெருக்களிலிருந்து, அதே குடும்பங்களிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். காசநோய் போய்விடவில்லை; அது இருக்கிற இடத்திலேயே இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டாதவர்கள் போல எனக்குத் தோன்றும். அது என் கண்ணின் கணக்கு. 2007ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவர்களுக்குச் சுமார் 59ல். ஆறு வருஷம் முன்னாடி. ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு ஆறு வருஷம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். கடைசிப் பிள்ளையோட படிப்பு அந்த ஆறு வருஷத்துலதான் இருக்கு.

எங்க அண்ணன் கதையை முதல்ல சொல்லிடறேன். அதைச் சொல்லாம நான் இந்தத் தலைப்புல பேச முடியாது.

அண்ணன் இயக்கத்துக்காரர். தொண்ணூறுகளில் எங்கள் பகுதியில் அவர் கால் படாத சேரி கிடையாது. ராத்திரி போஸ்டர் ஒட்டுவார்கள். பசை காயறதுக்குள்ள ரெண்டு டீ, ஒரு கட்டு பீடி. பதினோரு மணிக்கு மேல எந்தக் கடை திறந்திருக்கும்? புரோட்டாக் கடைதான். நாலு புரோட்டா, சால்னா. காலையில ஊருக்கு வந்து குழம்பு ஊத்தி ஒரு பானைச் சோறு. தூக்கம் மூணு மணி நேரம். 2001ல் எடை 92 கிலோ, பிரஷர் 170க்கு 104. டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினார். அவர் ஏறிட்டுப் பார்த்துட்டு, "சோத்தைக் குறைய்யா, மாடு மாதிரி இருக்கியே"ன்னு சொன்னாராம். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். எதைக் குறைக்கணும், எவ்வளவு, எத்தனை நாள், எதுவும் சொல்லல.

அண்ணனுக்கு ரோஷம் வந்துடுச்சு. காலையில எலுமிச்சை சாறு, தேன். மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு. ராத்திரி ஒண்ணுமில்ல. ரெண்டு மாசத்துல 11 கிலோ இறங்கிட்டார். எல்லாரும் "தலைவரே இளைச்சிட்டீங்க"ன்னு பாராட்டு. பிரஷரும் நல்லா இறங்கிடுச்சு. எழுந்து நின்னா தலை சுத்துதுன்னு மாத்திரையை அவரே நிறுத்திட்டார். மாநாடு வந்துச்சு, அலைச்சல் வந்துச்சு, பழைய சாப்பாடு திரும்பி வந்துச்சு. ஆறே மாசத்துல 95 கிலோ. மாத்திரை மட்டும் திரும்பி வரல. 2003ல் ஒருநாள் விடியக்காலை நாலு மணிக்குப் பேருந்து நிலையத்தில் விழுந்தார். 48 வயது. சட்டைப் பையில துண்டறிக்கை இருந்துச்சு.

பட்டினி கிடந்ததால் செத்தார் என்று நான் சொல்லவில்லை. பீடி இருந்தது, தூக்கமின்மை இருந்தது, நிறுத்திய மாத்திரை இருந்தது. ஆனால் எடையைக் குறைத்தால் நெஞ்சு தப்பிக்கும் என்று அவர் நம்பினார்; அந்த நம்பிக்கையில் பாதி உண்மை, பாதி பொய். எது உண்மை, எது பொய் என்று நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

முதலில் உண்மைப் பாதி.

அஞ்சு குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ரெண்டு ஏக்கருக்குத் தண்ணி பாய்ச்சுதுன்னு வையுங்க. (நமக்கு நிலம் இல்லைங்கறது நேத்தைய அமர்வு.) அதே மோட்டாரை மூணு ஏக்கருக்கு ஓடவிட்டா என்ன ஆகும்? ஓடும். ஆனா சூடாகி ஓடும். உடம்பில் கொழுப்பு கூடும்போது ரத்தத்தின் அளவும் கூடுகிறது; இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்துப்போகிறது. தடித்த சுவர் பலம் என்று நினைக்காதீர்கள். அது சரியாக விரியாத சுவர். இன்னொரு பக்கம், வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேர்கிற கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பைக் கூட்டுகிறது, இன்சுலினை வேலை செய்யவிடாமல் பண்ணுகிறது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி செய்கிறது. உப்பு நின்றால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் பிரஷர் ஏறும். கழுத்தில் சேர்கிற கொழுப்பு தூக்கத்தில் மூச்சை அடைக்கிறது. குறட்டை விட்டுவிட்டு நின்று, திணறி, மறுபடி குறட்டை விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாநாட்டு மண்டபத்துல படுத்தவங்க எல்லாருக்கும் தெரியும்.

இதில் நல்ல செய்தி, கொஞ்சம் குறைத்தாலே இவை திரும்புகின்றன என்பதுதான். நூறு கிலோ இருக்கிறவர் அறுபதுக்கு வர வேண்டியதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு கிலோ எடை குறைந்தால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குகிறது. இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு குறைந்தாலே டிரைகிளிசரைடு இறங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது, ஈரல் கொழுப்பு கரைகிறது, தூக்கத்தில் மூச்சடைப்பு குறைகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஒரு நோய் உண்டு; அந்த நோயும் பருமனும் சேர்ந்திருந்த 355 பேரை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பின்தொடர்ந்து 2015ல் வெளியிட்டார்கள். பத்து விழுக்காடு எடை குறைத்து, குறைத்ததைத் தக்கவைத்தவர்களுக்கு அந்தத் தாறுமாறு பெரிய அளவில் அடங்கியிருந்தது.

என்னையே எடுத்துக்கங்க. அண்ணன் போன ஆறாவது வருஷம், 2009ல், என் எடை 81 கிலோ. உயரம் 154 சென்டிமீட்டர். பிரஷர் 156க்கு 98. ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்த கை, தன் கையை நீட்ட மறந்துபோச்சு. ஒன்றே கால் வருஷத்தில் ஆறு கிலோ குறைத்தேன். 75 கிலோ என்பது சுவரில் மாட்டியிருக்கிற அட்டவணைப்படி இன்னும் பருமன்தான். சொந்தக்காரங்க யாரும் "இளைச்சிட்டியே"ன்னு கேட்கக்கூட இல்ல. ஆனா பிரஷர் 140க்குக் கீழ வந்துச்சு, ரெண்டு மாத்திரை ஒண்ணாச்சு. கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் மாற்றம் நடந்துச்சு.

இனி பொய்ப் பாதி. இது இன்னும் முக்கியம்.

அமெரிக்காவில் 2001ல் லுக் அஹெட் என்று ஒரு ஆய்வு தொடங்கினார்கள். சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5145 பேர். ஒரு பாதிப் பேருக்கு உணவைக் குறைத்து, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, வாராவாரம் கூப்பிட்டுப் பேசி எடையைக் குறைக்க வைத்தார்கள். மறு பாதிப் பேருக்குச் சாதாரண அறிவுரை மட்டும். முதல் வருஷம் முதல் குழு 8.6 விழுக்காடு எடை குறைத்தது. பிரஷர், சர்க்கரை எல்லாம் இறங்கியது. சந்தோஷமாகக் காத்திருந்தார்கள், மாரடைப்பும் சாவும் குறையும் என்று. பத்து வருஷம் நெருங்கும்போது, 2012ல், ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். காரணம், ரெண்டு குழுவிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கு மேலே நடத்தினாலும் வித்தியாசம் தெரியாது என்று முடிவு செய்தார்கள்.

இதைப் படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. அப்ப நாம வார்டுல சொன்னதெல்லாம் வீணா? வீணில்லை. முதல் குழுவுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, சிறுநீரகம் அவ்வளவு கெடவில்லை, நடமாட்டம் நன்றாக இருந்தது. மறு குழுவுக்கு மருத்துவர்கள் கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கூடுதலாகக் கொடுத்துவந்தார்கள். அந்த மாத்திரைகள் அவர்களைக் காப்பாற்றியிருக்கலாம். அதோடு குறைந்த எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது; முடிவில் முதல் குழுவில் 6 விழுக்காடு, மறு குழுவில் 3.5. பிறகு 2016ல் அதே ஆட்களின் விவரத்தை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வருஷத்திலேயே பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு இதய நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது தெரிந்தது. ஆனால் அது பின்னால் பிரித்துப் பார்த்த கணக்கு. முதல் முடிவுக்கு இருக்கிற பலம் அதற்கு இல்லை. இப்போது பேசப்படுகிற செமாகுளூட்டைடு ஊசி, ஏற்கனவே இதய நோய் உள்ள பருமனானவர்களுக்கு மாரடைப்பு முதலான ஆபத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2023ல் காட்டினார்கள். அது மருந்தின் கதை, உணவின் கதை அல்ல. அந்த ஊசி நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்ப வருதோ அப்ப ஒரு கூட்டம் போட்டுப் பேசுவோம்.

ஸ்பெயின் நாட்டில் இன்னொரு ஆய்வு நடந்தது. 7447 பேர். அவர்களிடம் எடையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. குறைவாகச் சாப்பிடு என்று சொல்லவில்லை. ஆலிவ் எண்ணெய், கொட்டைப் பருப்புகள், காய், பயறு, மீன் என்று சாப்பாட்டின் வகையை மட்டும் மாற்றினார்கள். ஐந்து வருஷத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்தது. 2013ல் வெளியிட்டார்கள், ஆட்களைக் குழுவில் சேர்த்த முறையில் தவறு இருந்தது என்று கண்டுபிடித்துத் திரும்பப் பெற்று, திருத்தி, 2018ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு கிட்டத்தட்ட அதேதான். தப்பை ஒத்துக்கிட்டுத் திருத்துனதால அதை நான் இன்னும் கொஞ்சம் நம்புறேன்.

இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எடை குறைஞ்சும் நெஞ்சு தப்பிக்கலேன்னு ஒண்ணு. எடை குறையாமலே நெஞ்சு தப்பிச்சதுன்னு ஒண்ணு. அப்போ தராசு மட்டும் பார்த்தா போதாது. தட்டைப் பாக்கணும். அண்ணன் தட்டை மாத்தல. தட்டைத் தூக்கி வச்சார், பிறகு அதே தட்டை எடுத்துக்கிட்டார்.

பட்டினி பற்றி ஒரு வார்த்தை. உண்ணாவிரதத்தோட நமக்கு 1932லிருந்தே நல்ல ஞாபகம் கிடையாது. அது ஒரு பக்கம். பட்டினி இதயத்துக்கு என்ன செய்கிறது என்று 1944–45ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி சோதித்தார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் பாதிச் சாப்பாடு. உடம்பு எடையில் கால் பங்கு போயிற்று. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு முப்பத்தைந்து வரை இறங்கியது. இதயமே சுருங்கியது. இதயமும் தசைதானே; உடம்பு கொழுப்பை மட்டும் தின்னும், நெஞ்சை விட்டுவைக்கும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. 1977ல் அதே நாட்டில், எடை குறைக்கிறேன் என்று புரதக் கரைசலை மட்டும் மாதக்கணக்கில் குடித்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பலருக்குத் துடிப்பு தாறுமாறாகித் திடீர்ச் சாவு. இன்னிக்கு நம்ம ஊர்களிலும் டப்பாவில் பொடி விற்கிறார்கள். யார் விற்றாலும், மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் சாப்பாட்டுக்குப் பதில் பொடியைக் குடிக்காதீர்கள். பொடியிலிருந்து திரும்பி வருகிற எடை வேறு இருக்கிறது. ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களில் எடை ரொம்ப ஏறி ஏறி இறங்கினவர்களுக்குச் சாவு அதிகம் என்று 2017ல் ஒரு ஆய்வு காட்டியது. ஏற்ற இறக்கம்தான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது, உள்ளே வேறு நோய் இருந்தும் எடை ஆடியிருக்கலாம். ஆனா எனக்கு அண்ணன் ஞாபகம் வருது.

நம்முடைய உடம்பு இதில் தனி வழக்கு. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் 1911 முதல் 1930 வரை பிறந்த ஆண்களின் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடி எடுத்தார். வீடு வீடாகப் போன செவிலியர்களும் மருத்துவச்சிகளும் எழுதி வைத்த பதிவேடுகள் அவை. அதில் எனக்கு ஒரு பெருமை. எடை குறைவாகப் பிறந்து, ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள்தான் பிற்காலத்தில் இதய நோயில் அதிகமாகச் செத்திருந்தார்கள். 1989ல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. பூனே பக்கத்துக் கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக்கும் மற்றவர்களும் பிறந்த குழந்தைகளை அளந்து 2003ல் சொன்னார்கள்: நம் குழந்தைகள் எடையில் குறைவு, தசையில் குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரிகிற, உள்ளே கொழுத்த குழந்தை. கர்ப்பத்திலேயே பட்டினி பார்த்த உடம்பு, கிடைத்ததைச் சேமிக்கக் கற்றுக்கொண்டு பிறக்கிறது. பிறகு அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கிற காலம் வந்தால், அந்தச் சேமிப்பு வயிற்றில் போய் உட்காருகிறது.

எங்கம்மா என்னை வயித்துல வச்சிருந்தப்போ நடவுக்குப் போனாங்க. கூலி நெல்லு வந்தாத்தான் உலை. நான் பிறந்தது 1958. அந்தப் பசி இந்தத் தொந்தியில இருக்கு. டாக்டர் அண்ணனைப் பார்த்து "மாடு மாதிரி"ன்னு சொன்னப்போ, அவருக்கு இந்தக் கணக்கு தெரியல.

அதனால்தான் வெள்ளைக்காரனுக்கு வைத்த அளவு நமக்குப் பொருந்தாது. உயரத்தையும் எடையையும் சேர்த்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கில் அவர்களுக்கு 30 தாண்டினால் பருமன். இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே பருமன் என்று 2009ல் நம் நாட்டு மருத்துவர்கள் கூடி முடிவு செய்தார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து, நூற்றில் கிட்டத்தட்ட நாற்பது பேருக்கு வயிற்றுப் பருமன், முப்பத்தைந்து பேருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் என்று கணக்குக் கொடுத்தது.

சரி, தட்டுக்கு வருவோம். நம்ம தட்டை யார் நிரப்புறாங்க? ரேஷன் கடை. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் இலவச அரிசி. அதைக் குறை சொல்கிற வாய் எனக்கு இல்லை. மைலோ சோளமும் புழுத்த அரிசியும் தின்ற தலைமுறை நான். அந்த அரிசி எத்தனை பிரசவங்களைக் காப்பாற்றியது என்று வார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அரிசி, சர்க்கரை, பாமாயில் என்று மூன்றும் கைக்கெட்டும் விலையில் கிடைத்து, பயறும் காயும் முட்டையும் சந்தை விலையில் இருந்தால், கூலிக்காரர் தட்டு எப்படி இருக்கும்? பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ரெண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இதை எல்லா மாவட்டத்துக்கும் கேட்போம், பயறையும் சேர்த்துக் கேட்போம். மாணவர் தோழர்கள் தீர்மானம் எழுதும்போது இதையும் ஒரு வரியாச் சேருங்க. விடுதி மாணவர்கள், உங்க விடுதிச் சாப்பாட்டையும் அதிலே சேருங்க.

தீர்மானம் நிறைவேறும்வரை என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். சோற்றை விடவில்லை. மூணு கரண்டி போட்ட இடத்தில் ஒன்றரை. மீதி இடத்தில் காராமணியோ கொள்ளோ பச்சைப்பயறோ, கீரையோ, முட்டையோ. வேர்க்கடலையை வறுத்து உப்பில்லாமல் ஒரு கைப்பிடி. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், அதற்கு மூணு வாரம் பிடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஆறு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், பன்னிரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்றால் அறுபது கிராம் சர்க்கரை. இயக்கத் தோழர்கள் எல்லாரும் இப்ப கையில இருக்கிற கிளாஸைக் கீழ வைக்க வேணாம், குடிச்சு முடிங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.

உப்பு. கருவாடும் உப்புக்கண்டமும் நம்ம பசிக்காலத்துச் சேமிப்பு. ஒரு துண்டு இருந்தா ஒரு பானைச் சோறு இறங்கும். அதுதான் அதோட வேலை, அதுதான் அதோட தொல்லையும். கருவாட்டை வெந்நீரில் ரெண்டு தடவை அலசிட்டு, குழம்புக்கு உப்பே போடாம வைங்க. ஊறுகாயைத் தொட்டுக்கங்க, பிசைஞ்சுக்காதீங்க.

மாட்டுக்கறி பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். நம்மைப் பார்த்து, "மாடு திங்கறீங்க, அதான் கொழுப்பு"ன்னு சொல்றது மருத்துவம் இல்லை, சாதி. நெய்யும் வெள்ளைச் சோறும் இனிப்பும் தின்கிற சைவ வீட்டிலிருந்தும் மாரடைப்பு வருகிறது; நான் எத்தனையோ பேருக்கு இ.சி.ஜி. எடுத்திருக்கிறேன். கொழுப்பு நீக்கிய கறி நல்ல புரதம், ரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு இரும்புச்சத்து. ஆனால் கொழுப்புத் துண்டையும் குடலையும் எண்ணெயில் பொரித்து, வாரம் நாலு நாள் சாப்பிட்டுவிட்டு, "இது என் பண்பாடு"ன்னு வாதாடுறதையும் கேட்டிருக்கேன். பண்பாடு உன்னுடையது, ரத்தக்குழாயும் உன்னுடையதுதான் தம்பி. கறியைக் குழம்பா வையி, கொழுப்பை ஒதுக்கு, ரெண்டு நாளோட நிறுத்து.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நம் வீடுகளில் அம்மா கடைசியாகச் சாப்பிடுகிறாள். குறைவாகச் சாப்பிடுகிறாள் என்று நினைக்கிறோம். சட்டியில் மிஞ்சினதைக் கொட்ட அவளுக்கு மனசு வராது; பசி பார்த்தவளால் சோற்றைக் கொட்ட முடியாது. கறி, முட்டை எல்லாம் முந்தியே தீர்ந்திருக்கும்; மிஞ்சுவது சோறும் அடிக்குழம்பும்தான். ராத்திரி பத்து மணிக்கு அதைச் சாப்பிட்டுப் படுக்கிறாள். இந்தப் பருமனுக்கு அவளைப் போய் "வாயைக் கட்டு"ன்னு சொல்லாதீங்க. அளந்து ஆக்குங்க. எல்லாரும் சேர்ந்து எட்டு மணிக்குள்ள உட்காருங்க. அவளுக்கு முட்டை வையுங்க. ஆண் தோழர்களைப் பார்த்துத்தான் சொல்றேன்.

மாத்திரை விஷயம், இதை எழுதிக்கொள்ளுங்கள். உணவை மாற்றி எடை இறங்கும்போது பிரஷரும் சர்க்கரையும் இறங்கும். அப்போது பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுக்கிறவர்களுக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். அப்படி வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் போய்ச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். எடை குறைந்த பிறகும் கொழுப்பு மாத்திரை தேவைப்படலாம். லுக் அஹெட் ஆய்வில் மறு குழுவைக் காப்பாற்றியது அதுவாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பீடி, சிகரெட்டை விடாமல் ஐந்து கிலோ குறைத்தேன் என்று வந்து நின்றால் நான் பாராட்ட மாட்டேன்.

அண்ணல் அம்பேத்கர் கடைசி வருஷங்களில் சர்க்கரை நோயோடு போராடியபடிதான் எழுதினார். 1948ல் அவரை மணந்த சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். 65 வயதில் போனார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று நாம் ஒவ்வொரு டிசம்பர் ஆறிலும் பேசுகிறோம். நம்ம ஊர்ல அவர் பேரைச் சொல்லி வேலை செய்யறவங்க 48ல போறாங்க, 51ல போறாங்க. அதைப் பத்திப் பேசுற கூட்டம் இதுதான் எனக்குத் தெரிஞ்சு முதல் தடவை.

நேரம் ஆயிடுச்சு. வெளிய திண்ணையில ஒரு பந்து சணல் கயிறு வச்சிருக்கேன். ஒவ்வொருத்தரும் அவங்க உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கங்க. அதை ரெண்டா மடிச்சு, தொப்புள் மட்டத்துல இடுப்பைச் சுத்திப் பாருங்க. மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. முனை ரெண்டும் தொட்டா நல்லது. தொடலேன்னா எவ்வளவு இடைவெளின்னு விரல்ல அளந்து வச்சுக்கங்க. பக்கத்து மேசையில பிரஷர் கருவி இருக்கு, நான்தான் உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள எல்லாரையும் பாத்துடணும். பின்வரிசையில சிரிச்சவங்க முதல்ல வாங்க.